முதல் ஆட்டத்தில் 13 தவறுகள்: டேவிட்சன் கல்லூரியில் ஸ்டெஃபன் கர்ரி

2006 நவம்பரில் ஈஸ்டர்ன் மிஷிகன் அணியோடு அமெரிக்காவின் டேவிட்சன் கல்லூரி ஆடிய பாஸ்கெட்பால் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டில் ஒரு முதலாண்டு மாணவனின் பெயருக்கு நேரே 13 என்று ஒரு எண் இருக்கிறது. எடுத்த புள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். புள்ளி 15. அந்த 13, பந்தை எதிரணியிடம் பறிகொடுத்த எண்ணிக்கை. பாஸ்கெட்பாலில் இதை டர்னோவர் என்பார்கள். ஒரு ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் நாலு டர்னோவர் செய்தாலே கோச் முறைப்பார். ஆறேழு என்றால் மீதி ஆட்டத்தை பெஞ்சில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். இந்தப் பையன் இடைவேளைக்குள்ளாகவே ஒன்பது முறை பந்தைத் தொலைத்திருந்தான். அதுதான் அவனுடைய முதல் கல்லூரி ஆட்டம்.

பையனின் பெயர் ஸ்டெஃபன் கர்ரி. ஸ்டீஃபன் அல்ல, ஸ்டெஃபன். அந்த நாட்களில் வர்ணனையாளர்களே பெயரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கர்ரி என்றதும் நமக்குச் சமையலறை நினைவு வருவது தவிர்க்க முடியாதது.

பிற்பாடு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் அவர் செய்ததெல்லாம் இணையம் முழுக்க கொட்டிக் கிடக்கிறது. இங்கே பார்க்கப் போவது அதற்கு முந்தைய மூன்றே மூன்று வருடங்களை, 2006 முதல் 2009 வரை. இந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது பலரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தன, ஒரு சின்னக் கல்லூரி மட்டும் வைரத்தைக் கண்டுபிடித்தது. எனக்கு இந்தக் கதை மேல் முழு நம்பிக்கை இல்லை. அந்தப் பெரிய அணிகளின் கோச்சுகள் 17 வயது கர்ரியைப் பற்றிக் குறித்துவைத்தது பெரும்பாலும் சரிதான். குள்ளம், ஒல்லி, மோதினால் விழுந்துவிடுவான், பந்தைப் பாதுகாக்கத் தெரியவில்லை. முதல் ஆட்டத்தின் 13 டர்னோவரைப் பார்த்தால் அவர்கள் சொன்னது நிரூபணமே ஆகிவிட்டது. அவர்கள் கணக்கில் விடுபட்டது ஒன்றுதான். இத்தனை தப்பு செய்யும் ஒருவனை வெளியே எடுக்காமல் ஆடவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுப் பின்கட்டில் ஒரு கோடை

கர்ரி பிறந்தது 1988 மார்ச் 14, ஒஹாயோ மாநிலத்து அக்ரான் நகரில். அப்பா டெல் கர்ரி அப்போது கிளீவ்லாண்ட் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டே சார்லட் ஹார்னெட்ஸ் அணிக்கு மாறி அங்கே பத்து சீசன் ஆடினார். மொத்தம் 16 வருடம் என்பிஏவில், அதாவது அமெரிக்கத் தொழில்முறை லீக்கில், தாக்குப் பிடித்தவர். தொடக்க ஐந்து பேரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடுபவர்களுள் சிறந்தவருக்கான விருதை 1994இல் வாங்கினார். தூரத்திலிருந்து எறிவதுதான் அவர் பிழைப்பே. அம்மா சோன்யா வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் வாலிபால் ஆட்டக்காரர். டெல் படித்ததும் அங்கேதான். அவருடைய 30ஆம் எண் சட்டைக்கு அந்தப் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அரங்கில் ஏற்றிவைத்திருக்கிறது.

ஆகவே இது ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்த பையன் கதை இல்லை. வீட்டிலேயே கோச், பின்கட்டிலேயே கோர்ட், அப்பாவோடு போனால் என்பிஏ ஆட்டக்காரர்களோடு சேர்ந்து பந்து போடலாம். அப்படியும் உடம்பு கைகொடுக்கவில்லை. சார்லட் கிறிஸ்டியன் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தபோது அவன் வகுப்பிலேயே சின்ன உருவம். பந்தை இடுப்புக்குப் பக்கத்திலிருந்து கிளப்பி எறிவான். கையில் பலம் போதாத பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான் தொடங்குவார்கள். பந்து வளையத்தில் விழத்தான் விழுந்தது. ஆனால் அடுத்த கட்டத்தில் எதிரே நிற்பவன் ஒரு கையை நீட்டினாலே அந்தப் பந்தைத் தட்டிவிடுவான் என்பது டெல்லுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் டெல் மகனின் எறிமுறையைக் கழற்றி மறுபடி பூட்டினார். பந்து நெற்றிக்கு மேலிருந்து கிளம்ப வேண்டும், உடம்பு எழும்பும் அதே வேகத்தில் கையும் எழும்ப வேண்டும். சொல்வதற்கு எளிது. பத்து வருடப் பழக்கத்தை உடம்பு அவ்வளவு லேசில் விடுமா? பல வாரங்களுக்கு அவனால் வளையத்துக்கு அடியில் வண்ணம் பூசிய கட்டத்தைத் தாண்டி ஒரு பந்தும் போட முடியவில்லை. பயிற்சி முகாமுக்குப் போனால் மற்ற பிள்ளைகள் இவன் எதற்கு வந்தான் என்பது போலப் பார்த்தார்களாம். அந்தக் கோடையில் ஆட்டமே வெறுத்துப்போனது என்று பின்னாளில் கர்ரியே சொல்லியிருக்கிறார். தம்பி சேத் வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பான், பின்கட்டில் அண்ணன் அழுதுகொண்டே எறிவான்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றை, இனிமேல் செல்லாது என்று தெரிந்து, மோசமாகும் என்றும் தெரிந்தே உடைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. இதே காரியம் இந்த மூன்று வருடத்துக்குள் இன்னொரு முறை வரும்.

பெற்றோரின் கல்லூரிக்கே போக ஆசை

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் கர்ரி ஆறடி, எடை 70 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அப்பாவும் அம்மாவும் ஆடிய வர்ஜீனியா டெக்கில் சேர வேண்டும் என்று இருந்தான். அங்கிருந்து வந்தது ஒரு பாதி அழைப்பு. உதவித்தொகை இல்லாமல் வந்து சேர், ஒரு வருடம் ஆடாமல் உடம்பைத் தேற்று, அப்புறம் பார்க்கலாம். இப்படி உதவித்தொகை இல்லாமல் அணியில் ஒட்டிக்கொள்பவர்களுக்கு வாக்-ஆன் என்று பெயர். கர்ரி குடும்பத்துக்குக் காசு ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருள்தான் உறுத்தியது: உன்னை நம்பி நாங்கள் ஒரு இடத்தைச் செலவழிக்கத் தயாரில்லை. கல்லூரி அணிகள் தமக்குள் ஆடிக்கொள்ளும் குழுவுக்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். வேறு பெரிய கான்ஃபரன்ஸ் அணி எதிலிருந்தும் உதவித்தொகையோடு அழைப்பு வரவில்லை.

டேவிட்சன் கல்லூரி சார்லட் நகருக்கு வடக்கே, காரில் அரை மணி நேரம். மொத்த மாணவர்களே சுமார் 1,700 பேர். படிப்புக்குப் பேர்போன இடம். மாணவர்களின் அழுக்குத் துணியைக் கல்லூரியே துவைத்து மடித்துக் கொடுக்கும் வழக்கம் அப்போது அங்கே இருந்தது. பாஸ்கெட்பாலில் 1960களில் ஒரு பொற்காலம் இருந்தது, அதற்குப் பிறகு தேசியப் போட்டியில், அதாவது என்சிஏஏ டோர்னமென்டில், 1969க்கு அப்புறம் ஒரு வெற்றிகூட இல்லை.

கோச் பாப் மெக்கில்லப் 1989இலிருந்து அங்கே இருந்தவர். கர்ரிக்குப் பத்து வயதானதிலிருந்தே மெக்கில்லப்புக்கு அவனைத் தெரியும். அவருடைய மகன் பிரெண்டனும் கர்ரியும் ஒரே பேஸ்பால் அணியில் ஆடியவர்கள். பின்னால் லாஸ் வேகஸில் நடந்த ஒரு கோடைப் போட்டிக்கு மெக்கில்லப் கர்ரியைப் பார்க்கப் போனார். அன்றைக்குப் பையன் ஆடிய ஆட்டம் படுமோசம். பாஸ் பார்வையாளர் பக்கம் பறந்தது, தரையில் தட்டிக்கொண்டு போன பந்து தன் காலிலேயே பட்டு வெளியே ஓடியது, எறிந்ததெல்லாம் தவறியது. இருந்தும் அவன் நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கவில்லை, சக ஆட்டக்காரனை முறைக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தபோதுகூட எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். அன்றுதான் முடிவு செய்தேன் என்று மெக்கில்லப் இந்தக் கதையைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பழைய கதையைத் திரும்பச் சொல்லும்போது கொஞ்சம் மெருகு ஏறுவது சகஜம். இருந்தாலும் இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் பார்க்கப் போனது திறமையை, பார்த்துவிட்டு வந்தது தோற்கிற நேரத்து முகத்தை. சின்னக் கல்லூரியின் கோச்சுக்குத் திறமை ஏற்கெனவே பழுத்த பையன்கள் கிடைக்க மாட்டார்கள். டியூக்கும் நார்த் கரோலினாவும் பக்கத்திலேயே கடை போட்டிருக்கும்போது அவர்கள் எதற்கு டேவிட்சனுக்கு வருகிறார்கள்? அதனால் பழுக்கக்கூடியதை மோப்பம் பிடிப்பதுதான் அவருடைய தொழில்.

இரண்டாம் பாதியிலும் அவனே

இப்போது அந்த முதல் ஆட்டத்துக்குத் திரும்புவோம். இடைவேளை, ஒன்பது டர்னோவர், அணி பின்தங்கி நிற்கிறது. ஒரு கட்டத்தில் 18 புள்ளி வித்தியாசம். பையனை உட்காரவைத்துவிடலாமா என்று தானும் யோசித்ததாக மெக்கில்லப் சொல்லியிருக்கிறார். உட்காரவைக்கவில்லை. இரண்டாம் பாதியில் கர்ரி மேலும் நாலு முறை பந்தைத் தொலைத்தார். டேவிட்சன் அந்த ஆட்டத்தை 81-77 என்று வென்றது.

அடுத்த ஆட்டம் மிஷிகன் பல்கலைக்கழகத்தோடு. பெரிய அணி. டேவிட்சன் தோற்றது, 78-68. கர்ரி எடுத்தது 32 புள்ளி. முந்தைய ஆட்டத்தில் பாதியோடு வெளியே எடுக்கப்பட்டிருந்தால் இந்த 32 வந்திருக்குமா? வந்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் 18 வயதில், ஊரே பார்க்க ஒன்பது தப்பு செய்துவிட்டு உள்ளே போனவனுக்கு, போ, இன்னும் ஆடு என்று ஒருவர் சொல்வது சாதாரணமில்லை. பெரிய அணியில் அதே இடத்துக்கு மூன்று பேர் பெஞ்சில் காத்திருப்பார்கள். அங்கே கோச்சுக்கு இப்படிப் பொறுமை காட்டத் தேவையே இருக்காது. டேவிட்சனில் வேறு வழி அவ்வளவாக இல்லை என்பதும் உண்மை. நம்பிக்கையா, நிர்ப்பந்தமா என்றால் இரண்டும் கலந்ததுதான்.

அந்த முதல் வருட முடிவில் சராசரி 21.5 புள்ளி. நாட்டின் முதலாண்டு ஆட்டக்காரர்களில் அவருக்கு மேலே ஒருவர்தான், டெக்சாஸில் ஆடிய கெவின் டுரான்ட். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 122 எறிகளை உள்ளே போட்டார். முதலாண்டு மாணவர் யாரும் அதுவரை அத்தனை போட்டதில்லை. டேவிட்சன் 29 ஆட்டம் வென்று ஐந்தில் தோற்றது. ஐந்தாவது தோல்வி தேசியப் போட்டியின் முதல் சுற்றில் மேரிலாண்டிடம், 82-70. அதில் கர்ரி 30.

தோற்பதற்கென்றே ஒரு அட்டவணை

2007-08 சீசன்தான் இந்த ஆய்வின் நடு முடிச்சு. அதன் தொடக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை.

மெக்கில்லப் அந்த வருடம் வலிய வம்புக்குப் போனார். நார்த் கரோலினா, டியூக், யுசிஎல்ஏ, நார்த் கரோலினா ஸ்டேட் என்று பெரிய பெயர்களாகப் பார்த்து ஆட்டம் வைத்தார். டேவிட்சன் ஆடும் சதர்ன் கான்ஃபரன்ஸ் சின்ன வட்டம். அதற்குள்ளேயே எத்தனை வென்றாலும் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் மதிக்க மாட்டார்கள். அது ஒரு காரணம். பெரிய அணியின் வேகத்தை மார்ச் மாதத்தில் முதன்முதலாகப் பார்த்து மிரளக் கூடாது என்பது இன்னொன்று. பலன்? நார்த் கரோலினாவிடம் 72-68 தோல்வி. டியூக்கிடம் 79-73 தோல்வி. யுசிஎல்ஏவிடம் 75-63 தோல்வி. நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. டிசம்பர் வாக்கில் கணக்கு நாலு வெற்றி, ஆறு தோல்வி.

அதற்குப் பிறகு அவர்கள் 22 ஆட்டம் தொடர்ந்து வென்றார்கள். கான்ஃபரன்ஸில் 20க்கு 20.

இங்கே கர்ரி எப்படி ஆடினார் என்று கொஞ்சம் விளக்கினால்தான் அடுத்து வருவது புரியும். பந்தைக் கொண்டுவரும் வேலை, அதாவது பாயிண்ட் கார்டு, அப்போது இறுதியாண்டு மாணவர் ஜேசன் ரிச்சர்ட்ஸுடையது. அந்த சீசனில் நாட்டிலேயே சராசரியாக அதிக அசிஸ்ட், அதாவது புள்ளியாக முடியும் பாஸ், கொடுத்தவர் அவர்தான், ஆட்டத்துக்கு எட்டுக்கும் மேல். கர்ரியின் வேலை பந்தில்லாமல் ஓடுவது. வளையத்துக்கு அடியில் புகுந்து, ஒரு பெரிய உடம்புக்காரர் சுவர் மாதிரி நிற்கும் இடத்தை உரசிக்கொண்டு திரும்பி, துரத்தி வருபவன் அந்தச் சுவரில் முட்டிக்கொள்ளும் அரை நொடியில் பந்தை வாங்கி எறிந்துவிடுவது. அந்தச் சுவருக்குத்தான் ஸ்கிரீன் என்று பெயர். தாமஸ் சாண்டரும் நைஜீரியாவின் பெனின் சிட்டியிலிருந்து வந்த ஆண்ட்ரூ லவ்டேலும் இந்தச் சுவர் வேலையைச் சலிக்காமல் பார்த்தார்கள். ஆட்டம் முழுக்க நிற்காமல் இப்படி ஓடினால் துரத்துபவனுக்கு இரண்டாம் பாதியில் கால் ஓய்ந்துவிடும். கர்ரியின் புள்ளிகள் பெரும்பாலும் இரண்டாம் பாதியில் குவிந்ததற்கு மாயமெல்லாம் வேண்டாம், இந்தக் கால்வலியே போதும்.

மார்ச் 2008

தேசியப் போட்டியில் அப்போது 65 அணிகள். நாலு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண். டேவிட்சனுக்குக் கிடைத்தது 10.

முதல் சுற்று, 7ஆம் இடத்து கொன்சாகா. இரண்டாம் பாதியில் டேவிட்சன் 11 புள்ளி பின்னால். கர்ரி 40 எடுத்தார், அதில் 30 இரண்டாம் பாதியில். மூன்று புள்ளி எறிகள் பத்தில் எட்டு உள்ளே. கடைசி நிமிடத்தை ஒட்டி ஸ்கோர் 74-74 என்று நிற்கும்போது, தவறிய ஒரு பந்தை லவ்டேல் பிடுங்கி வெளியே தள்ள, கர்ரி கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டார். 82-76. 39 வருடத்துக்குப் பிறகு டேவிட்சனுக்கு ஒரு தேசியப் போட்டி வெற்றி.

இரண்டு நாள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறு, 2ஆம் இடத்து ஜார்ஜ்டவுன். ஏழடி இரண்டு அங்குலம் உயரமான ராய் ஹிப்பர்ட் அவர்களுடைய சென்டர், அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் காவல் நிற்பவர். முதல் பாதியில் கர்ரிக்கு வெறும் ஐந்து புள்ளி. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வித்தியாசம் 17. இப்படியான நேரத்தில் சின்ன அணிகள் வழக்கமாகக் கழன்றுவிடும். ஆனால் சீசன் தொடக்கத்தில் நாலு பெரிய அணிகளிடம் அடி வாங்கியவர்களுக்கு 17 புள்ளி என்பது உலகம் முடிந்த மாதிரி தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டாம் பாதியில் மட்டும் கர்ரி 25. ஆட்டம் 74-70.

அடுத்த சுற்று டெட்ராய்ட்டில். கல்லூரியின் அறங்காவலர்கள் சேர்ந்து மாணவர்களுக்குப் பஸ், டிக்கெட், தங்கும் இடம் எல்லாம் தாங்களே ஏற்பாடு செய்தார்கள். மொத்தமே 1,700 பேர் இருக்கிற இடத்தில்தான் இப்படி யோசிக்க முடியும். எதிரணி விஸ்கான்சின், 3ஆம் இடம். அந்த சீசனில் எதிராளிக்குப் புள்ளி கொடுப்பதில் படு கஞ்சம் என்று பெயரெடுத்த அணி. 73-56 என்று டேவிட்சன் வென்றது. கர்ரி 33. பார்வையாளர் வரிசையில் என்பிஏ நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் உட்கார்ந்திருந்தார், அவரும் அக்ரான்காரர்தான்.

அப்புறம் கான்சஸ். முதல் இடத்து அணி. வென்றால் கடைசி நால்வரில் ஒன்று. இந்த ஆட்டத்தில் கர்ரிக்கு எறி சரியாக அமையவில்லை. 25 முறை எறிந்து 9 உள்ளே போயின, மூன்று புள்ளி எறிகளில் 16க்கு 4தான். மொத்தம் 25 புள்ளி. இருந்தும் ஆட்டம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. 59-57, கான்சஸ் இரண்டு புள்ளி முன்னால், சுமார் 17 நொடி பாக்கி, பந்து டேவிட்சனிடம்.

பந்து கர்ரியிடம் வந்தது. ஸ்கிரீன் போட்டார்கள். கான்சஸ் இரண்டு பேரை அவர் மேல் ஏவியது. எறிய இடமில்லை. பக்கத்தில் ரிச்சர்ட்ஸ் தனியாக நின்றார். கர்ரி பாஸ் கொடுத்தார். ரிச்சர்ட்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து தவறியது. நேரம் முடிந்தது. கான்சஸ் கோச் பில் செல்ஃப் கோர்ட் ஓரத்தில் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நீயே எறிந்திருக்க வேண்டாமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. நான் அந்தக் காட்சியைப் பல முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் கையைத் தூக்கி நிற்கும்போது, தனியாக நிற்கும் அணித் தலைவரிடம் பந்தைக் கொடுப்பதுதான் சரியான ஆட்டம். கொடுக்காமல் எறிந்து தவறியிருந்தால், பார், தலைக்கனம் என்றிருப்பார்கள். முதல் ஆட்டத்தில் 13 முறை தப்பான இடத்துக்குப் பந்தை அனுப்பியவர், ஒன்றரை வருடம் கழித்து இருக்கிறதிலேயே நெருக்கடியான நொடியில் சரியான இடத்துக்கு அனுப்பினார். பந்து உள்ளே போகாதது வேறு விஷயம்.

நாலு ஆட்டத்தில் 128 புள்ளி. சீசன் முழுக்க 162 மூன்று புள்ளி எறிகள், கல்லூரி ஆட்டத்தில் அன்றைய சாதனை. கான்சஸ் அந்த வருடம் பட்டமும் வென்றது. இன்னொன்று: 2008இல்தான் முதன்முறையாக நாலு பிரிவின் முதல் இடத்து அணிகளும் ஒருசேரக் கடைசி நால்வருக்குப் போயின. நார்த் கரோலினா, யுசிஎல்ஏ, மெம்ஃபிஸ், கான்சஸ். இதில் மூன்றோடு டேவிட்சன் அந்த ஒரே சீசனில் மோதியிருந்தது. மூன்றிலும் தோல்விதான், வித்தியாசம் நாலு, பன்னிரண்டு, இரண்டு.

மறுபடி உடைத்துப் பார்த்தல்

இந்தப் புகழோடு கர்ரி அப்போதே என்பிஏவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ரிச்சர்ட்ஸ் படிப்பு முடிந்து போய்விட்டார், பந்தைக் கொண்டுவர ஆள் வேண்டும். என்பிஏவில் ஆறடி மூன்று அங்குலக்காரர் நிலைக்க வேண்டுமானால் அந்த வேலையும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மூன்றாம் வருடம் கர்ரி பாயிண்ட் கார்டு ஆனார். ஸ்கிரீனை உரசி ஓடி எறிவதில் நாட்டிலேயே முதல் ஆளாக இருந்தவர், அதை ஓரமாக வைத்துவிட்டு, முதல் ஆட்டத்தில் எதில் சொதப்பினாரோ அதே வேலையைக் கையில் எடுத்தார். அப்பா பின்கட்டில் செய்ததை இந்தத் தடவை தானே செய்துகொண்டார். போதாக்குறைக்கு அந்த வருடம் ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோட்டையும் ஓரடி பின்னால் தள்ளிப் போட்டார்கள்.

சராசரி 28.6 புள்ளி, நாட்டிலேயே முதலிடம். அசிஸ்ட் சராசரி 5.6. ஓக்லஹோமாவோடு 44 புள்ளி எடுத்தும் தோற்றார்கள், 82-78. அந்தப் பக்கம் ஆடிய நட்சத்திரம் பிளேக் கிரிஃபின். டிசம்பரில் நார்த் கரோலினா ஸ்டேட்டோடு மறுபடி 44, இந்தத் தடவை வெற்றி. பர்டியூவோடு 26 முறை எறிந்து ஐந்துதான் உள்ளே போனது, அணி உதை வாங்கியது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது 2008 நவம்பரில் மேரிலாண்டின் லொயோலா கல்லூரியோடு ஆடிய ஆட்டம். லொயோலா கோச் ஜிம்மி பட்சோஸ் ஒரு முடிவோடு வந்திருந்தார்: கர்ரியை எடுக்க விடக் கூடாது. பந்து அவரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு பேர் அவரை ஒட்டியே நின்றார்கள். கர்ரி சண்டை போடவில்லை. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலையில் நின்றுகொண்டார். மீதி இடத்தில் டேவிட்சன் நாலு பேர், லொயோலா மூன்று பேர். கணக்கு யாருக்கும் புரியும். ஆட்டம் முழுக்க கர்ரி எறிந்தது மூன்றே முறை, புள்ளி பூஜ்யம். டேவிட்சன் 78, லொயோலா 48. தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அதன் பாஸ்கெட்பால் வடிவம். ஆட்டம் முடிந்ததும் பட்சோஸ், நாங்கள் அவரைப் பூஜ்யத்தில் நிறுத்தியதை நினைவு வைத்திருப்பார்களா, 30 புள்ளியில் தோற்றதையா என்று செய்தியாளர்களையே கேட்டார். ஒரு வகையில் அவர் சொன்னது பலித்துவிட்டது. இதோ, இத்தனை வருடம் கழித்து நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அணியாகப் பார்த்தால் அந்த வருடம் சறுக்கல்தான். பிப்ரவரியில் கணுக்கால் சுளுக்கி கர்ரி ஒரு ஆட்டம் உட்கார வேண்டிவந்தது. கான்ஃபரன்ஸ் போட்டியின் அரையிறுதியில் காலேஜ் ஆஃப் சார்ல்ஸ்டனிடம் தோற்றார்கள். தேசியப் போட்டிக்கு அழைப்பு இல்லை. இரண்டாம் நிலைப் போட்டியான என்ஐடியில் ஒரு ஆட்டம் வென்று, அடுத்ததில் செயின்ட் மேரிஸிடம் தோற்று சீசன் முடிந்தது. மூன்று வருடக் கணக்கு 2,635 புள்ளி, 414 மூன்று புள்ளி எறிகள். டேவிட்சன் வரலாற்றில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.

ஏழாவது பெயர்

2009 ஏப்ரலில் நாலாம் வருடத்தை விட்டுவிட்டு என்பிஏ டிராஃப்டுக்குப் போவதாக அறிவித்தார். அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி அது. அப்போதும் பேச்சு அதேதான்: ஒல்லி, தாவும் பலம் இல்லை, உண்மையான பாயிண்ட் கார்டு இல்லை. வர்ஜீனியா டெக் காலத்து மதிப்பீட்டில் உயரத்தை மட்டும் மூன்று அங்குலம் திருத்திய மாதிரி இருந்தது.

ஜூன் 25 இரவு நியூயார்க்கில் முதல் பெயராக பிளேக் கிரிஃபின் வந்தார். ஐந்தாவதும் ஆறாவதும் மினசோட்டாவுடையவை. அவர்கள் அடுத்தடுத்து இரண்டு பாயிண்ட் கார்டுகளை எடுத்தார்கள், ரிக்கி ரூபியோ, ஜானி ஃபிளின். எட்டாவது இடத்தில் நியூயார்க் நிக்ஸ் காத்திருந்தது. கர்ரி தரப்பும் அங்கே போகத்தான் ஆசைப்பட்டது. ஏழாவதில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் நடுவில் புகுந்து எடுத்துக்கொண்டது.

முதல் என்பிஏ சீசனில் 166 மூன்று புள்ளி எறிகள். புதுமுக ஆட்டக்காரருக்கு அன்றைக்கு அது சாதனை. சிறந்த புதுமுக விருது மட்டும் டைரீக் எவான்ஸுக்குப் போனது.

டேவிட்சனில் ஒரு பாக்கி இருந்தது. பட்டம் வாங்காதவரின் சட்டை எண்ணுக்கு அந்தக் கல்லூரி ஓய்வு கொடுக்காது. விட்டுப் போகும்போது படித்து முடிப்பதாக அம்மாவுக்கும் மெக்கில்லப்புக்கும் கர்ரி சொல்லியிருந்தார். என்பிஏவில் கோப்பைகள் வந்தன, டேவிட்சன் சுவரில் மட்டும் அவருடைய 30ஆம் எண் ஏறவில்லை. கல்லூரியும் தன் விதியை அவருக்காக வளைக்கவில்லை. 2022 மே மாதம் சமூகவியலில் மிச்சமிருந்த பாடங்களை முடித்தார். ஆகஸ்ட் 31 அன்று கல்லூரியின் பெல்க் அரங்கில் அந்த ஒரே ஒரு மாணவருக்காக ஒரு பட்டமளிப்பு விழா நடந்தது. கறுப்பு அங்கி, தொப்பி எல்லாம் உண்டு. அதே மேடையில் எண்ணையும் ஏற்றினார்கள். மெக்கில்லப் 33 சீசன் முடித்து அந்தக் கோடையில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய இடத்துக்கு அவர் மகன் மேட் வந்திருந்தார்.